குடுமி முடிந்த வேந்தன்

கி. மு. 196 ஆம் ஆண்டில் ஹான் பேரரசின் தூதராகிய லூ ஜியா என்னும் கல்விமான், மலைகளையும் ஆறுகளையும் கடந்து, தென்கடலோரத்திலுள்ள பான்யூ நகரை வந்தடைந்தார். இன்று குவாங்சௌ என வழங்கும் மாநகரே அக்காலத்துப் பான்யூ. அங்கு ஆட்சி செய்த வேந்தனுக்குச் சக்கரவர்த்தி அனுப்பிய முத்திரையையும் பட்டத்தையும் வழங்குவதே அவர் வந்த கருமம். வேந்தன் வடசீனத்திற் பிறந்தவன். ஆதலின் அவன் சீன முறைப்படி உடையுடுத்து, முழந்தாளிட்டமர்ந்து தம்மை வரவேற்பான் எனத் தூதர் எதிர்பார்த்திருத்தல் இயல்பே. அவர் கண்டதோ வேறு. தலைமயிரைச் சம்மட்டி போன்ற குடுமியாக முடிந்துகொண்டு, சுளகை விரித்து வைத்தாற்போலக் கால்களை அகல நீட்டிக்கொண்டு, நாகரிகமற்றவர் எனச் சீனர் இகழ்ந்த யுவே மக்களுள் ஒருவனைப் போல அவன் வீற்றிருந்தான்.

அவ்வேந்தனின் பெயர் சாவோ துவோ. வியத்நாமியர் அவனைத் திரியூ தா என்பர். நான்யுவே, அதாவது தென்யுவே, என்னும் இராச்சியத்தை நிறுவி நூறாண்டை எட்டும் வரை வாழ்ந்தவன் அவன். என் மனத்தை அவன்பால் ஈர்த்தவை அவனுடைய போர்களல்ல, அந்தக் குடுமியே. அஃது அரசியலுக்காகப் புனைந்த வேடமா, அன்றி அம்மக்களுடன் வாழ்ந்து அவன் மெய்யாகவே பெற்ற கோலமா? பெரும் படையுடன் வந்து ஒரு நாட்டைக் கைப்பற்றியவன் அந்நாட்டு மக்களுள் ஒருவனாதல் இயலுமா? அவன் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினாக்களே என் முன் வந்து நின்றன.

முதலில் யுவே மக்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். யாங்சி ஆற்றின் கழிமுகம் தொடங்கி, சீனத்தின் தென்கரை முழுவதும் பரந்து, வியத்நாமின் செவ்வாற்றுச் சமவெளி வரை வாழ்ந்த பல குலத்தாரைச் சீனர் யுவே என்ற ஒரே பெயரால் அழைத்தனர். அவர்கள் ஓரினத்தவர் அல்லர் என்பதைச் சீனரே உணர்ந்து, நூறு யுவே என்றும் வழங்கினர். நெல் விளைப்போர், நீரில் வாழ்வதே இயல்பாகக் கொண்டோர், ஓடஞ் செலுத்துவதில் வல்லோர். தரையினின்று உயர்த்திய கால்கள்மீது வீடமைத்து, கீழே கால்நடைகளைக் கட்டி, மேலே தாம் வசிப்பர். உடலிற் பச்சை குத்திக்கொள்வர். நீரில் உறையும் நாகங்கள் தீங்கு செய்யாதிருக்க அவ்வாறு செய்தனர் எனச் சீன நூல்கள் காரணங் கூறும். சில குலத்தார் தலைமயிரைக் குறுகக் கத்தரித்தனர். வேறு சிலர் குடுமி முடிந்தனர். வெண்கலம் வார்ப்பதில் அவர்களுக்கு நிகர் அரியர். 1965 இல் ஹூபெய் மாகாணத்துக் கல்லறையொன்றில் வடயுவே அரசன் கோவ்ஜியானுடைய வாள் கிடைத்தது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் மண்ணுட் கிடந்தும் அதன் முனை மழுங்கவில்லை. தெற்கே செவ்வாற்றுப் பகுதியார் வார்த்த வெண்கல முரசுகளில் நடுவே கதிரவனும், சுற்றிலும் பறவைகளும், இறகணிந்த மாந்தர் செலுத்தும் ஓடங்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர்கள் மொழியும் சீனமன்று. யுவே ஓடக்காரன் ஒருவன் சூ நாட்டு இளவரசன் முன் பாடிய பாடலொன்றைப் பழஞ்சீன நூலொன்று ஒலிமாறாது சீன எழுத்துகளிற் குறித்து வைத்திருக்கின்றது. அவ்வொலிகளை ஆராய்ந்த மொழியறிஞர் சிலர், அவை இன்றைய தாய் மொழிக் குடும்பத்தோடு உறவுடையன என்பர். இவற்றைத் தவிர யுவே மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்த வரலாறு எதுவும் இல்லை. நாம் அறிவன பெரும்பாலும் அவர்களை வென்றவர் எழுதியவையே. சாவோ துவோவின் கதையும் அத்தகையதே. சீமா சியென் என்னும் பேராசிரியர் ஏறக்குறைய கி. மு. 100 அளவில் முடித்த சரித்திர நூலில் அதற்கென ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறார்.

சாவோ துவோ பிறந்த ஊர் சென்திங்; இன்றைய ஹபெய் மாகாணத்திலுள்ளது. அது சாவோ என்னும் பழைய நாட்டைச் சேர்ந்தது. அவன் இளமையிலேயே அந்நாட்டைச் சின் அரசு விழுங்கிவிட்டது. எனவே தன் நாட்டை அழித்த அரசனுக்கே அவன் படைத்தொழில் செய்தான். பலர் கவனியாது விடும் செய்தியொன்றை இங்குச் சொல்லவேண்டும். கி. மு. 307 இல் அதே சாவோ நாட்டு மன்னன் வூலிங், அமைச்சரும் உறவினரும் முகஞ் சுளிக்க, சீனரின் நீண்ட அங்கியைக் களைந்து, வடபுல நாடோடிகளின் காற்சட்டையை அணிந்தான். தன் படையினரையும் அவ்வாறே அணியச் செய்து, குதிரைமேலிருந்து அம்பெய்யப் பழக்கினான். அந்நாட்டிற் பிறந்த சிறுவன் எவனும் இக்கதையைக் கேளாது வளர்ந்திருப்பான் என நான் நம்பவில்லை. வேற்றினத்தாரின் உடையை அணிவது இழிவன்று, வலிமைக்கு வழி என்ற பாடம் சாவோ துவோவுக்குப் பிறந்த மண்ணிலேயே கிடைத்திருக்கலாம்.

கி. மு. 221 இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதற் சக்கரவர்த்தியின் கண் தெற்கே திரும்பியது. காண்டாமிருகக் கொம்பு, யானைத் தந்தம், மீன்கொத்தியின் நீல இறகு, முத்து ஆகியவற்றின்மேல் அவன் கொண்ட ஆசையே படையெடுப்புக்குக் காரணம் எனப் பழைய நூலொன்று ஒளிக்காமற் கூறுகின்றது. தூ சூய் என்னும் தளபதியின் தலைமையில் 5,00,000 பேர் ஐந்து அணிகளாகச் சென்றனர் என்றும் அந்நூல் சொல்லும். எண்ணிக்கை மிகையாயிருக்கலாம், துன்பம் மிகையன்று. படைவீரர் மூன்றாண்டுகள் கவசத்தைக் கழற்றவில்லை; வில்லின் நாணைத் தளர்த்தவில்லை. யுவே மக்களோ காட்டிற் புகுந்து, விலங்குகளோடு வாழ்ந்தாலும் வாழ்வோம், சின் அரசனுக்கு அடிமைகளாகோம் எனத் துணிந்து, தம்முள் வீரரைத் தலைவராக்கி, இரவில் வந்து தாக்கினர். தூ சூய் கொல்லப்பட்டான்.

காட்டிற் போரிடும் படைக்கு உணவு கொண்டுசெல்ல வழியில்லாமையே தோல்விக்குக் காரணம் என உணர்ந்த சின் அரசினர், ஷீ லூ என்னும் அதிகாரியைக் கொண்டு ஒரு கால்வாய் வெட்டுவித்தனர். வடக்கே பாயும் சியாங் ஆற்றையும் தெற்கே பாயும் லீ ஆற்றையும் இணைக்கும் அக்கால்வாய் ஏறக்குறைய 36 கிலோமீற்றர் நீளமானது, லிங்சூ எனப்படுவது. நடுவே கல்லணையொன்று நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை வடக்குக்கும் மறு பகுதியைத் தெற்குக்கும் விடுகின்றது. இன்றும் அது வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது. அன்று அதில் அரிசி சென்றது. அரிசிக்குப் பின்னே படை சென்றது. கி. மு. 214 இல் யுவே நிலம் மூன்று மாவட்டங்களாக்கப்பட்டது. கடற்கரை மாவட்டத்தின் தலைவனாக ரென் சியாவோ அமர்ந்தான். அதற்குட்பட்ட லுங்சுவான் என்னும் ஊருக்கு அதிகாரியானவன் சாவோ துவோ.

வென்ற நிலத்திற் குடியேற்றுவதற்குச் சின் அரசு யாரை அனுப்பியது தெரியுமா? ஊரைவிட்டோடிப் பிடிபட்டவர், சிறு வணிகர், மனைவி வீட்டோடு வாழப்போன மருமக்கள் ஆகிய மூவகையினரை. வீட்டோடு மாப்பிள்ளையாயிருத்தலைக் குற்றமெனக் கருதித் தேசாந்தரம் அனுப்பிய அரசு உலகில் வேறெங்கும் இருந்ததோ, அறியேன். இவர்களோடு, திரும்பிச் செல்ல வழியற்ற போர்வீரர்களும் சேர்ந்தனர். படையினரின் உடைகளைத் தைத்துக் கொடுப்பதற்கென மணமாகாத பெண்கள் 30,000 பேரை அனுப்புமாறு சாவோ துவோ சக்கரவர்த்தியிடம் வேண்டினானென்றும், 15,000 பேரை அனுப்பச் சக்கரவர்த்தி இசைந்தானென்றும் சீமா சியெனின் நூலில் ஒரு செய்தி உண்டு. தையல் வேலை என்பது வாய்ச்சொல். கருதியது வேறென்பது வெளிப்படை. வேண்டியதிற் பாதியே கிடைத்தது. ஏனையோர் யுவே வீடுகளிற் பெண்ணெடுத்தனர். இரண்டினமுங் கலந்த நாடாக நான்யுவே வளர்ந்தது, எந்த அரசனும் ஆணையிடுவதற்கு முன்னரே, இவ்வாறு தொடங்கியிருக்கவேண்டும் என்பது என் கருத்து.

முதற் சக்கரவர்த்தி கி. மு. 210 இல் இறந்தான். மறுவருடம் வடக்கெங்கும் கலகந் தோன்றியது. பான்யூவில் நோயுற்றுப் படுக்கையிலிருந்த ரென் சியாவோ, லுங்சுவானிலிருந்து சாவோ துவோவை அழைப்பித்தான். வடக்கே அரசு குலைந்தது. இந்நிலமோ மலைகளை அரணாகவும் கடலைப் பின்புறமாகவும் உடையது. சீனர் பலர் துணைக்கு உளர். இதை ஒரு தனி நாடாக்கலாம். இதனைப் பேசத் தகுந்தவர் தன் அதிகாரிகளுள் வேறெவருமிலர் எனக் கூறி, தன் பதவியையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு உயிர்நீத்தான். சாவோ துவோ காலந் தாழ்த்தவில்லை. மலைக் கணவாய்களுக்கு ஓலை போக்கி வழிகளை அடைப்பித்தான். சின் அரசு நியமித்த அதிகாரிகளைச் சட்டத்தின் பெயராற் கொன்று, தன்னைச் சேர்ந்தோரை அவ்விடங்களில் வைத்தான். மற்றிரு மாவட்டங்களையும் கைப்பற்றி, கி. மு. 204 அளவில் தன்னைத் தென்யுவேயின் மன்னனென அறிவித்தான். இரக்கமற்ற செயல் இது. ஆயினும், வடக்கில் இலட்சக்கணக்கானோர் மாண்ட அவ்வாண்டுகளில், அடைத்த கணவாய்களுக்குத் தெற்கே அந்தப் பெரும் போர் நுழையவில்லை என்பதையும் மறுத்தற்கில்லை.

இனி, தூதர் லூ ஜியாவிடம் திரும்புவோம். குடுமியையும் நீட்டிய கால்களையும் கண்ட அவர் கடிந்து பேசினார். பிறந்த மண்ணின் முறைகளைத் துறந்து, சிறிய யுவே நாட்டை வைத்துக்கொண்டு சக்கரவர்த்தியோடு மல்லுக்கு நிற்பது கேடு. சென்திங்கிலுள்ள முன்னோரின் கல்லறைகளைத் தோண்டி எரிக்கவும், உறவினரை அழிக்கவும் ஹான் அரசால் இயலும். 1,00,000 பேரோடு ஒரு சாதாரண தளபதி வந்தாற் போதும், யுவே மக்களே அவனைக் கொன்று சரணடைவர் என எச்சரித்தார். சாவோ துவோ திடுக்கிட்டெழுந்து ஒழுங்காக அமர்ந்து, நெடுங்காலம் நாகரிகமற்றோரிடை வாழ்ந்து முறை மறந்ததாகச் சொல்லி மன்னிப்பு வேண்டினான். அவன் அஞ்சினான் என்பது சீமா சியென் தரும் தோற்றம். ஆயின் அடுத்த நொடியே அவன் கேட்டதைப் பாருங்கள்! ஹான் அரசின் பெருந்தலைவர் மூவரோடு ஒப்பிட்டால் யார் மேலென வினவினான். அவனே மேலென்றார் தூதர். சக்கரவர்த்தியோடு ஒப்பிட்டாலோ என்றான் அடுத்து. தூதர் சக்கரவர்த்தியின் பெருமைகளை அடுக்கவே, தான் நடுநாட்டில் எழாமையாற்றான் இங்கு அரசனாயிருப்பதாகவும், அங்கிருந்தால் தானும் குறைந்திருக்கமாட்டானெனவும் சொல்லிப் பெரிதாகச் சிரித்தான். அஞ்சியவன் சிரிப்பன்று அது.

பின்னர் தூதரைப் பல மாதங்கள் தன்னோடு வைத்துக்கொண்டு விருந்து செய்தான். யுவே நாட்டிற் பேசத் தகுந்தவர் ஒருவருமிலர். தூதர் வந்தமையால் நாடோறும் கேளாதன கேட்கிறேன் என மகிழ்ந்தான். ஆயிரம் பொன் பெறுமதியான பொருள்களைப் பையிலிட்டுக் கொடுத்து, அதற்கு மேலும் ஆயிரம் பொன் வழங்கி அனுப்பினான். என் வினாவுக்கு இவ்விடத்தில் ஒரு பாதி விடை கிடைக்கின்றது. குடுமி முடிந்தவன் யுவே மக்களிடையே பேச்சுத்துணை காணவில்லை. அக்குடுமி அவன் தலையில் இருந்தது. நாவில் இன்னும் சென்திங் இருந்தது.

ஹான் அரசோடு நட்புப் பதினான்கு ஆண்டுகள் அளவில் நிலைத்தது. சக்கரவர்த்தி இறந்தபின் ஆட்சியைத் தன் கையிற் கொண்ட லியூ மகாராணி, நான்யுவேக்கு இரும்பு உழுபடைகள் விற்பதைத் தடுத்தாள். குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றில் ஆண் விலங்கையன்றிப் பெண் விலங்கை அனுப்பலாகாதெனவும் விதித்தாள். இவ்விதியின் கொடுமையை உழவரே நன்கறிவர். இரும்புக் கொழு இல்லையேல் வயலில்லை. பெண் விலங்கு இல்லையேல் மந்தை ஒரு தலைமுறையில் முடிந்துவிடும். மூன்று தூதர் குழுக்களை அனுப்பினான் சாவோ துவோ, ஒருவரும் மீளவில்லை. போதாக்குறைக்கு, சென்திங்கில் முன்னோரின் கல்லறைகள் சிதைக்கப்பட்டன, உறவினர் கொல்லப்பட்டனர் என்ற வதந்தியும் வந்தது. இவையெல்லாம் அயல்நாட்டு அரசனான சாங்ஷா மன்னன் மூட்டிய பகை என்று எண்ணிய அவன், கி. மு. 183 இல் தன்னைப் பேரரசன் என அறிவித்து, சாங்ஷாவின் எல்லையூர்களைத் தாக்கினான். மஞ்சள் விதானமிட்ட தேரில் ஏறினான். அது சக்கரவர்த்திக்கே உரிய நிறம்.

மகாராணி அனுப்பிய படை மலைத்தொடரைத் தாண்டவில்லை. வெப்பமும் ஈரமும் தாங்காது வீரர் நோயிற் கிடந்தனர். கி. மு. 180 இல் மகாராணி இறக்கவே போர் கலைந்தது. தூ சூயின் படையைக் கொன்ற அதே காடும் அதே காற்றும், இம்முறை அப்படையில் வந்தவனையே காத்தன. இந்த முரணை அவன் எண்ணிப் பார்த்தானோ என்னவோ.

அடுத்து அரியணை ஏறிய வென் சக்கரவர்த்தி அறிவுடையவன். படைக்குப் பதிலாகக் காவலரை அனுப்பினான், அதுவும் சென்திங்குக்கு. சாவோ துவோவின் முன்னோர் கல்லறைகளைப் பேணக் குடிகளை நியமித்து, பருவந்தோறும் பலியிடச் செய்து, உறவினருக்குப் பதவியும் பரிசும் வழங்கினான். அதன் பின்னரே, கி. மு. 179 இல், முதியவரான லூ ஜியாவை மறுபடியுந் தெற்கே அனுப்பினான். சாவோ துவோ பணிந்தான். பேரரசன் என்ற பெயரைக் கைவிடுவதாக ஒரு திருமுகம் எழுதினான். அதில் தன்னை நாகரிகமற்றோரின் கிழத்தலைவன் எனக் குறித்துக்கொண்டான். யுவே நாட்டில் 49 ஆண்டுகள் கழிந்தன எனவும், பேரரைக் கையிலேந்தும் வயதாயிற்று எனவும், ஆயினும் ஹான் அரசின் நட்பின்றி உறக்கமில்லை, உண்டது சுவைக்கவில்லை, மணியோசையும் முரசொலியும் செவிக்கு இன்பந் தரவில்லை எனவும் எழுதினான். அயலில் அரையாடையுடுத்த தலைவர்களும் தம்மை மன்னர் என்கின்றனர். அதனாற் பேரரசன் என்ற பெயரைத் தானும் ஒரு விளையாட்டாகவே சூடிக்கொண்டதாகச் சமாதானங் கூறினான். 49 ஆண்டுக் கணக்கு, படையெடுப்பு நடந்த ஆண்டுகளோடு பொருந்தவில்லை என்பது ஆராய்வோருக்குப் புலனாகும். கிழவர் தம் வயதைக் கூட்டிச் சொல்வது எந்நாட்டிலும் உண்டு.

திருமுகத்தோடு சென்ற காணிக்கையின் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தமானது. வெண்பச்சைக்கல் வட்டம் ஒரு சோடி, மீன்கொத்தி இறகு 1,000, காண்டாமிருகக் கொம்பு 10, ஊதாநிறச் சோகி 500, உயிருள்ள மீன்கொத்தி 40 சோடி, மயில் 2 சோடி, இவற்றோடு கறுவா மரத்திற் பிறக்கும் புழு ஒரு பாத்திரம்! அப்புழு தென்னாட்டாரின் சுவையுணவு. எந்தப் பொருள்களுக்காக முதற் சக்கரவர்த்தி படையனுப்பினானோ அவற்றையே இவன் பறவைக்கூடுகளில் வைத்து அன்பளிப்பாக அனுப்பினான்.

ஆனால் பணிவு கடிதத்தளவே. ஹான் தூதர் வரும்போது மன்னன்; அவர் சென்றபின் மீண்டும் பேரரசன். சீமா சியென் இதனை எழுதியிருக்கிறார். 1983 இல் குவாங்சௌவில் ஒரு குன்றைக் குடைந்தபோது சாவோ துவோவின் பேரனான சாவோ மோவின் கல்லறை வெளிப்பட்டது. 2,291 பச்சைக்கற்களைப் பட்டுநூலாற் கோத்த கவசத்துள் கிடந்த அவன் மார்பருகே, அவனைப் பேரரசன் எனக் கூறும் பொன் முத்திரை இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் பொய் பிடிபட்டது.

அக்கல்லறைதான் நான்யுவே வாழ்வை நமக்கு நன்கு காட்டுவது. சீன முறை மணிகளும், யுவே முறை முக்காலிப் பாத்திரங்களும் அங்கு அடுத்தடுத்திருந்தன. வெண்கலக் கலமொன்றில் இறகணிந்த வீரர் ஓடங்களில் கைதிகளைக் கொண்டுவரும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. செவ்வாற்று முரசுகளிற் கண்ட அதே காட்சி. சாடிகளில் 200 க்கு மேற்பட்ட வயற்குருவிகளின் எலும்புகள் கிடந்தன. ஐந்து யானைத் தந்தங்களும், பாரசீக வேலைப்பாட்டை ஒத்த வெள்ளிச் சிமிழும், குங்கிலியம் போன்ற நறும்பிசினும் கடல்வழி வந்தவை. அரசனோடு 15 பேர் உயிர்ப்பலியாக அடக்கஞ் செய்யப்பட்டிருந்ததையும் சொல்லாமல் விடலாகாது. அப்பதினைவருள் அரசியரும் உளர், சமையற்காரரும் உளர்.

கடல் வணிகத்தைக் கூறியதால் நமக்கு நெருங்கிய ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. நான்யுவே வீழ்ந்தபின் அதன் துறைகளிலிருந்து ஹான் அரசின் கப்பல்கள் தென்மேற்கே ஹுவாங்சி என்னும் நாட்டுக்குச் சென்று முத்தும் மணியும் வாங்கின எனச் சீன வரலாற்று நூலொன்று கூறும். அந்த ஹுவாங்சி நம் காஞ்சியே எனவும், அதற்கப்பால் அந்நூல் குறிக்கும் தீவு ஈழமே எனவும் அறிஞர் பலர் கொள்வர். யுவே மாலுமிகள் பழக்கிய துறைகளின்றி அப்பயணங்கள் நிகழ்ந்திரா.

சாவோ துவோவின் ஆட்சிமுறை யாது? யுவே குலத்தலைவரை அவரவர் இடத்திலேயே விட்டான். அவர்களுள் வலியோரைத் தன் அவைக்கு அழைத்தான். அரசகுடும்பத்தாருக்கும் அவர்களுக்குமிடையே மணவுறவு வளர்த்தான். இரும்பையும் எழுத்தையும் கொணர்ந்தான். பச்சை குத்தலையும் குடுமியையும் தடைசெய்தானில்லை. சின் அரசு எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முயன்று பதினைந்து ஆண்டில் அழிந்ததைக் கண்ணாற் கண்டவன் அவன். ஒருவரையும் மாற்ற முயலாத அவன் அரசு, 93 ஆண்டுகள் நின்றது.

அவனுக்காகப் பேசிய நான், அவனுக்கு எதிராகவும் பேசவேண்டும். செவ்வாற்றுச் சமவெளியில் அன் சுவாங் அரசன் ஆண்ட அவ்லாக் இராச்சியத்தை அவன் விழுங்கினான். பரிசும் படையும் காட்டி அந்நாட்டை வசப்படுத்தினான் எனச் சீன நூல் இரண்டு வரியில் முடிக்கும். வியத்நாமியரின் பழங்கதை அவ்வளவில் முடிவதில்லை. அன் சுவாங்குக்குப் பொன் ஆமை தந்த நகத்தால் ஆன மாய வில் இருந்ததாம். வெல்ல இயலாத சாவோ துவோ, தன் மகனுக்கு அவ்வரசன் மகள் மீ சௌவை மணம் பேசினான். மருமகன் அந்த நகத்தைத் திருடி, போலியை வைத்துவிட்டுப் போனான். படை வந்தது; வில் பயன்படவில்லை. தந்தையோடு குதிரையேறி ஓடிய மீ சௌ, கணவன் தன்னைத் தேடி வருவதற்காக வழியெங்கும் தன் போர்வையின் வாத்திறகுகளை உதிர்த்துச் சென்றாள். பகைவரும் அவ்வழியே வந்தனர். தந்தை அவளை வெட்டினான். அவள் குருதி கடலில் முத்தாயிற்று. கணவன் கிணற்றில் வீழ்ந்து மாண்டான். ஹனோய்க்கு அருகிலுள்ள கோலோவா கோட்டையில் தலையில்லாத கல்லுருவமாக அவளை இன்றும் வழிபடுகின்றனர். கதை பிற்காலத்தது, ஆயினும் 1959 இல் அக்கோட்டையருகே ஆயிரக்கணக்கான வெண்கல அம்புமுனைகள் கிடைத்தன. வென்றவன் இரண்டு வரியில் மறந்ததை, தோற்றவர் இரண்டாயிரம் ஆண்டு நினைந்து அழுதனர்.

கி. மு. 137 இல் சாவோ துவோ இறந்தான். மக்கள் முன்னரே இறந்தமையாற் பேரன் பட்டமெய்தினான். அவனுடைய கல்லறை இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அவன் மனத்தைக் காட்டும் ஒரு சிறு சான்று கிடைத்தது என்பேன். பான்யூ அரண்மனை இருந்த இடத்தில் 2004 இல் ஒரு பழங்கிணற்றைத் தோண்டியபோது, எழுத்துப் பொறித்த மரச்சுவடிகள் நூற்றுக்கு மேல் வெளிவந்தன. அவற்றுளொன்று, 94 ஆம் இலக்கமிட்ட இலந்தை மரத்தில் 986 கனிகள் இருந்தன எனக் கணக்கெழுதியிருக்கின்றது. சீன இலந்தை குளிர்நாட்டு மரம். சென்திங் நாட்டுப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நிற்பது. அதனைத் தென்கடலின் வெப்பத்தில் நட்டு, மரத்துக்கு இலக்கமிட்டு, கனியை ஒவ்வொன்றாக எண்ணி எழுத ஒரு கணக்கனையும் வைத்திருந்தது அந்த அரண்மனை. அச்சுவடிகளுள் ஒன்றிற் காணும் ஆண்டுக்கணக்கு சாவோ துவோவின் நீண்ட ஆட்சிக்கே பொருந்தும் என அறிஞர் கூறுவர். குடுமியைப் பற்றிய என் வினாவுக்கு மறுபாதி விடையாக நான் இம்மரத்தையே கொள்கிறேன். அவன் குடுமி பொய்யன்று. ஆனால் முற்றத்தில் நின்ற இலந்தையும் பொய்யன்று.

அவன் வளர்த்த நாட்டின் முடிவைச் சுருங்கச் சொல்லலாம். கொள்ளுப்பேரன் காலத்துக்குப் பின், சீனப் பெண்ணான தாயரசி நாட்டை ஹான் அரசோடு இணைக்க முயன்றாள். அதை எதிர்த்து எழுந்தவன் முதலமைச்சன் லியூ ஜியா. பெயரொப்புமையால் இவனைப் பழைய தூதரென மயங்கவேண்டா. இவன் யுவே குலத்தவன், மூன்று மன்னர்க்கு அமைச்சன், இவன் சுற்றத்தாருள் எழுபதுக்கு மேற்பட்டோர் பதவியிலிருந்தனர். தாயரசியையும் இளமன்னனையும் கொன்று, சாவோ மரபிலேயே யுவே தாய்க்குப் பிறந்த மற்றொருவனை அரியணையில் ஏற்றினான். கி. மு. 111 இல் ஹான் படைகள் ஆற்றுவழி இறங்கிப் பான்யூவுக்குத் தீயிட்டன. கடலில் தப்பியோடிய அமைச்சனையும் மன்னனையும் பிடித்துக் கொன்றனர். சீனன் நிறுவிய அரசைக் காக்க இறுதியில் உயிர்கொடுத்தவன் யுவே குலத்தான், அழித்தவர் சீனர்.

வியத்நாமியர் சாவோ துவோவை ஏற்பதா விலக்குவதா என நெடுங்காலம் வழக்காடினர். 1272 இல் தம் நாட்டு வரலாற்றை எழுதி முடித்த லே வான் ஹூ, அவனையே தம் முதற் பேரரசனாகப் போற்றினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ங்கோ தி சீ அதை மறுத்து, அவன் அயலான், நாட்டைக் கவர்ந்தவன் என்றார். பின்வந்த ஹனோய் ஆசிரியர் பெரும்பாலும் இரண்டாமவர் பக்கமே நின்றனர். மீ சௌவின் கதையை நினைக்கும்போது அவர்கள் சினத்தில் எனக்கு வியப்பில்லை.

1802 இல் வியத்நாம் முழுவதையும் ஒன்றாக்கிய சியா லோங் பேரரசன், தன் நாட்டுக்கு நாம் வியத் என்னும் பெயரை ஏற்குமாறு பெய்ஜிங் அவைக்கு எழுதினான். வியத் என்பது யுவே. நாம் வியத் என்பது நான்யுவே. அவ்வாறாயிற் சாவோ துவோ ஆண்ட குவாங்துங், குவாங்சி மாகாணங்களுக்கும் இவன் உரிமை கோருவானோ எனச் சீனச் சக்கரவர்த்தி ஐயுற்றான். ஈராண்டு திருமுகங்கள் போய் வந்தன. 1804 இல் இரு சொற்களையும் இடம் மாற்றி வைத்து, வியத்நாம் என்று பெயர் தந்தனர்.